எந்த ஊர் ரசிகருக்குப் பொறுமை அதிகம்? சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவிலிருந்து ஒரு பதில்

"சென்னை ரசிகர்கள் பொறுமைசாலிகள், கொல்கத்தாக்காரர்கள் சட்டென்று பொங்கிவிடுவார்கள், மும்பைக்காரர்கள் சொந்த ஆளையே கூச்சல் போட்டு விரட்டுவார்கள் என்கிறார்களே, ஊருக்கு ஊர் ரசிகர்களின் குணம் உண்மையிலேயே மாறுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறும். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி மண்வாசனையால் மாறுவதில்லை. கூட்டம் தோல்வியைத் தாங்கிக்கொள்ளும். எவ்வளவு பெரிய தோல்வியாக இருந்தாலும் தாங்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றிவிட்டால்தான் தாங்காது. எந்த ஊரில் எப்போது கலவரம் வந்தது, எப்போது கைதட்டல் வந்தது என்று வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசம்தான் தெரிகிறது.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர். இருபது வருஷத்துக்கு மேலாகப் பொங்கல் சமயத்தில் ஊர் ஊராகப் போய்க் கபடிக்கு நடுவராக நிற்கிறேன். ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்ததைவிடக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கூட்டத்தின் முகத்தைப் பார்த்தது அதிகம். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் சுமார் 90 கிலோமீட்டர். சேப்பாக்கம் 250 கிலோமீட்டருக்கு மேல். ஓசூரில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு இன்னும் கிட்டம், நாற்பது கிலோமீட்டர்தான். வேலை, ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகிறோம். வீட்டுக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் குடும்பங்கள் நிறைய. அதனால் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே கட்டிலில், ஒருவன் மஞ்சள் சட்டை, இன்னொருவன் சிவப்புச் சட்டை. சென்னையில் உட்கார்ந்து பெங்களூரு ரசிகரைப் பற்றிப் பேசுவது வேறு. எங்களுக்கு அந்த ரசிகர் சித்தப்பா மகனாக இருப்பார்.

2024 மே 18 சனிக்கிழமை ராத்திரி நினைவிருக்கிறதா? சின்னசாமியில் ஆர்சிபிக்கும் சிஎஸ்கேவுக்கும் கடைசி லீக் ஆட்டம். ஆர்சிபி 218 எடுத்தது. சிஎஸ்கே ஜெயிக்கக்கூட வேண்டாம், 201 எடுத்தால் பிளே ஆஃப் உறுதி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில், பால் பாத்திரத்துக்கு மேலே மாட்டியிருந்த சின்ன டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே நாற்பது பேர் இருப்பார்கள். பெங்களூரு பஸ்ஸுக்கு நின்றவர்கள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார்கள். கடைசி ஓவரில் 17 வேண்டும். முதல் பந்தே தோனி 110 மீட்டர் சிக்ஸர். கடையே அதிர்ந்தது. அடுத்த பந்தில் அவுட். சிஎஸ்கே 191-ல் நின்றது.

அப்போது நான் டிவியைப் பார்க்கவில்லை. பையன்களைப் பார்த்தேன். மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் கையிலிருந்த டீயைக் குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த சிக்ஸர் வெளியே போயிருக்கக் கூடாதுண்ணா. பழைய பந்து நனைஞ்சு கெடந்துச்சு. காஞ்ச பந்தைக் கையில குடுத்துட்டாங்க" என்றான். யாரையும் திட்டவில்லை. சிவப்புச் சட்டைக்காரன் அவன் தோளில் கை போட்டு, "எட்டு மேட்ச்ல ஏழு தோத்தோம்டா. அன்னைக்கு நான் எப்படி இருந்திருப்பேன்னு யோசி" என்றான். உண்மைதான். அந்த வருஷம் முதல் எட்டு ஆட்டத்தில் ஏழு தோற்று, பிறகு தொடர்ந்து ஆறு ஜெயித்து உள்ளே வந்த அணி அது. இரண்டு பேரும் ஒரே பைக்கில் வீட்டுக்குப் போனார்கள். தோல்வி மட்டும் ஒரு கூட்டத்தை வெறி பிடிக்க வைக்காது என்று நான் சொல்வதற்கு இப்படிப்பட்ட ராத்திரிகள்தான் காரணம்.

சரி, சென்னைக்கு வருவோம். சென்னைக்குப் பொறுமைப் பட்டம் வாங்கிக் கொடுத்த நாள் 1999 ஜனவரி 31. பன்னிரண்டு வருஷம் கழித்துப் பாகிஸ்தான் அணி இந்திய மண்ணில் ஆடிய டெஸ்ட். வேண்டியது 271. ஐந்து விக்கெட் 82-க்குப் போய்விட்டது. சச்சின் முதுகு வலியோடு நின்று 136 அடித்தார். நயன் மோங்கியா 52. பதினேழு ரன் மிச்சம் இருக்கும்போது சக்லைன் முஷ்டாக் பந்தில் சச்சின் அவுட். மீதி மூன்று விக்கெட் நாலு ரன்னுக்குள் விழுந்தது. 12 ரன்னில் தோல்வி. சேப்பாக்கம் கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் இருந்தது, அப்புறம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நானும் அன்று டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அந்தக் கைதட்டல் சத்தத்தை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. இரண்டு வருஷம் முன்பு, 1997 மே மாதம், அதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 அடித்தபோதும் கைதட்டியவர்கள்தான் அவர்கள்.

இதை வைத்துச் சென்னைக்காரர் பிறவியிலேயே பொறுமைசாலி என்று முடிவு கட்டுகிறார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்த ஆட்டத்தில் குறை சொல்ல யாருமே இல்லை. சச்சின் தன்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டார். எதிரணி நன்றாக வீசி வாங்கியது. நடந்தது எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடந்தது. துக்கம் இருந்தது, மனத்தாங்கல் இல்லை.

அதே சேப்பாக்கத்தில் 2018 ஏப்ரல் 10-ஆம் தேதி என்ன நடந்தது? இரண்டு வருஷத் தடைக்குப் பிறகு சிஎஸ்கே வீட்டுக்குத் திரும்பிய நாள். காவிரிப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் மேலாண்மை வாரியம் வரவில்லை என்ற கோபத்தில் வெளியே போராட்டம், உள்ளே எல்லைக்கோட்டில் நின்ற வீரர்களை நோக்கிச் செருப்பு வந்து விழுந்தது. மீதி ஆட்டங்களைப் புணேவுக்கு மாற்றினார்கள். காவிரித் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஒகேனக்கல் பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் கோபம் எங்களுக்குப் புரியாதது இல்லை. செருப்பு வீசியது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பொறுமைசாலி ஊர் என்று பெயர் எடுத்த ஊரிலும் 'நமக்கு வர வேண்டியது வரவில்லை' என்ற எண்ணம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. அடுத்த வாரமே அதே ரசிகர்கள் சுமார் ஆயிரம் பேர் தனி ரயிலில் புணே போய் விசில் அடித்தார்கள். ஊர் ஒன்றுதான், மனநிலை இரண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜடேஜா சிஎஸ்கேவில் இருந்த கடைசி சில வருஷம் சேப்பாக்கத்தில் அவர் அவுட் ஆனால் ஆரவாரம் எழுந்தது, அடுத்து தோனி வருவார் என்பதால். ஜடேஜாவே அதை வெளிப்படையாகச் சொன்னார். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர். சொந்த அணி ஆட்டக்காரன் தலை குனிந்து வரும்போது ஆரவாரம் செய்வதை அன்பு என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சத்தம் போட்டுத் திட்டுவதைவிட அது ஒரு ஆட்டக்காரனுக்கு வலிக்கும்.

கொல்கத்தா மேல் எல்லோரும் சொல்கிற பழிக்கு மூன்று நாட்கள் காரணம். 1967 புத்தாண்டு நாள், வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட். இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டார்கள். காசு கொடுத்தவனுக்கு உட்கார இடமில்லை. கூட்டம் கோட்டுக்குள் வந்தது, போலீஸ் தடியடி நடத்தியது, பந்தல் எரிந்தது. இதைக் கொல்கத்தாக்காரனின் குணம் என்று எப்படிச் சொல்வது? தர்மபுரியில் சினிமாக் கொட்டகையில் ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்தாலும் இதேதான் நடக்கும்.

1999 பிப்ரவரி, ஈடன் கார்டன். சேப்பாக்கம் கைதட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. மறுபடியும் பாகிஸ்தான். சச்சின் மூன்றாவது ரன்னுக்கு ஓடும்போது ஷோயப் அக்தர் மேல் மோதினார், அதற்குள் ஸ்டம்ப் விழுந்தது, மூன்றாவது நடுவர் அவுட் கொடுத்தார். விதிப்படி அது சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதாடலாம். கூட்டத்தின் கண்ணுக்கு, ஓடிக்கொண்டிருந்தவனை மறித்துவிட்டு அவுட் வாங்கினார்கள், அவ்வளவுதான். பாட்டில் பறந்தது. சச்சினே வெளியே வந்து கும்பிட்டுச் சமாதானம் சொன்னார். மறுநாள் மறுபடியும் நெருப்பு, கடைசியில் காலரிகளைக் காலி செய்துவிட்டு, ஆளில்லாத மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். இந்தியா 46 ரன்னில் தோற்றது.

ஒரே எதிரணி, ஒரே மாதத்துக்குள், இரண்டும் இந்தியாவுக்குத் தோல்வி. சென்னை கைதட்டியது, கொல்கத்தா எரித்தது. ஊர்க் குணம் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது என்று தோன்றும். அந்த ரன் அவுட் சேப்பாக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

என் கணக்குக்கு ஒத்துவராத நாள் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 1996 மார்ச் 13, அதே ஈடன் கார்டன், உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கை 251. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98-லிருந்து எட்டு விக்கெட்டுக்கு 120. பாட்டில், நெருப்பு. மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்கு என்று அறிவித்துவிட்டார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே போனார். அன்று யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. டாஸ் ஜெயித்து ஏன் பீல்டிங் எடுத்தார்கள் என்ற கோபம் இருந்தது, ஆனால் அது நெருப்பு வைக்கிற அளவு காரணம் கிடையாது. நாலு நாள் முன்பு பெங்களூரில் பாகிஸ்தானை ஜெயித்ததும் கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று நாடே நம்பியது. கைக்கு வந்ததைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கூட்டம் தனக்குத்தானே நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. இதற்கு மேல் அந்த ராத்திரிக்கு என்னிடம் விளக்கம் இல்லை. அந்தக் கூட்டத்தை நியாயப்படுத்தவும் மாட்டேன்.

இதெல்லாம் எனக்குப் புத்தியில் ஏறியது டிவி பார்த்து இல்லை. ஒரு மாட்டுப் பொங்கல் ராத்திரி, காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். கபடி இறுதி ஆட்டம். மண் தரை, சுண்ணாம்புக் கோடு, நாலு மூலையிலும் சவுக்குக் கம்பத்தில் ட்யூப்லைட். ஒரு பக்கம் உள்ளூர் அணி, இன்னொரு பக்கம் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்த பையன்கள். கடைசி இரண்டு நிமிஷம், ஸ்கோர் சமம். ஊத்தங்கரைப் பையன் பாடிக்கொண்டு போனான். போனஸ் கோட்டைத் தாண்டி முன்கால் பதிந்தது, பின்கால் காற்றில் இருந்தது. அழகான போனஸ். கையைத் தூக்கினேன்.

கூட்டம் எழுந்தது. "அஞ்சு பேரு! அஞ்சு பேரு!" என்று கத்தினார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. கபடி தெரிந்தவர்களுக்குத் தெரியும், எதிர்ப்பக்கம் ஆறு பேராவது களத்தில் இருந்தால்தான் போனஸ். அங்கே ஐந்து பேர்தான் நின்றிருந்தார்கள். நான் காலைப் பார்த்தேன், தலையை எண்ணவில்லை. கூட்டம் எண்ணியிருந்தது. அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கோட்டுக்குள் வந்து விழுந்தது. ஒரு ட்யூப்லைட் உடைந்து ஒரு மூலை இருட்டானது. ஊத்தங்கரைப் பையன்கள் முதுகோடு முதுகாக நடுவில் ஒட்டி நின்றார்கள். அந்தப் பையன்களின் கண்ணை நான் மறக்க மாட்டேன். தப்பு செய்தவன் நான், பயந்து நின்றவர்கள் அவர்கள்.

ஸ்கோர் எழுதுகிறவரிடம் போய்த் தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பேர் வெளியே என்று தெளிவாக எழுதியிருந்தது. மைக்கை வாங்கி, "களத்துல அஞ்சு பேர்தான் இருந்தாங்க. போனஸ் கிடையாது. தப்பு என்னோடது, அந்தப் பசங்களோடது இல்ல" என்று சொன்னேன். குரல் நடுங்கியது. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்காலியை எறிந்தவரே வந்து எடுத்துக்கொண்டு போனார். ஆட்டம் தொடர்ந்தது. கடைசி ரைடில் உள்ளூர் அணி ஒரு புள்ளியில் தோற்றது.

தோற்றது உள்ளூர் அணி! சொந்த ஊர்த் திருவிழாவில், சொந்தக் காசில் வைத்த கோப்பை வெளியூர் போகிறது. பத்து நிமிஷம் முன்னால் நாற்காலி எறிந்த அதே கூட்டம் கைதட்டியது. ஊத்தங்கரைப் பையன்களைச் சாப்பிடாமல் வேனில் ஏறவிடவில்லை. அந்த ஊருக்குப் பொறுமை இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஒரே ராத்திரியில் இரண்டும் இருந்தது. நடுவில் மாறியது ஒன்றுதான், கணக்கு நேரானது.

எங்கள் மாவட்டத்தின் பெரிய கறையையும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரி 2, ஓசூர் பக்கம் கோபசந்திரம். எருது விடும் விழா எங்கள் பக்கத்தில் உயிர். கொம்பில் கட்டிய தடுக்கையை, அதாவது அலங்காரத் தட்டியை, பறிக்க ஓடுகிற விளையாட்டு, மாட்டை வளர்ப்பவனுக்கு வருஷம் பூராவும் அதே நினைப்புதான். அன்று காலையில் மாடுகளோடு ஆயிரக்கணக்கானோர் வந்து நின்றார்கள், அனுமதி விஷயத்தில் குழப்பம். உண்டா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல ஆளில்லாமல் நேரம் போனது. கூட்டம் தேசிய நெடுஞ்சாலையில் இறங்கியது. கல் பறந்தது, வண்டிக் கண்ணாடிகள் உடைந்தன, பெங்களூரு சாலை பல மணி நேரம் நின்றது. குழந்தையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் மாட்டியவர்கள் எத்தனை பேர். கல் எறிந்ததை எந்தக் காரணமும் கழுவாது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு "இந்தப் பக்கத்து ஆட்களே முரடர்கள்" என்று பேசியபோது எனக்கு வலித்தது. மாடு தோற்றதால் யாரும் கல் எடுக்கவில்லை. ஓட விட்ட மாடு பரிசு வாங்காமல் திரும்பினால் அதற்குத் தவிடும் புண்ணாக்கும் கூடுதலாக வைத்து, அடுத்த தைக்குக் காத்திருப்பவர்கள் இவர்கள்தான்.

மும்பை. 2006-ல் இங்கிலாந்து டெஸ்டில் சச்சின் ஒரு ரன்னில் அவுட் ஆனபோது வான்கடே அவரையே கூச்சல் போட்டது. சச்சினை, மும்பையில்! அந்த ஊருக்கு எதிர்பார்ப்பு அதிகம், தோற்பது பழக்கமில்லை, அது ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2024-ல் ஹர்திக் பாண்டியாவுக்கு நடந்தது வேறு. ஐந்து கோப்பை வாங்கித் தந்த ரோகித்தை எடுத்துவிட்டு, குஜராத்திலிருந்து வந்தவரைத் தலைவராக்கினார்கள். ரசிகர்கள் ஏற்றுக்கொள்கிற மாதிரி யாரும் காரணம் சொல்லவில்லை. கோபம் முழுக்க ஹர்திக் தலையில் விழுந்தது. டாஸ் போடுகிற இடத்தில் கூட்டத்தைப் பார்த்து ஒழுங்காக நடந்துகொள்ளும்படி சஞ்சய் மஞ்ச்ரேக்கர் சொல்ல வேண்டியிருந்தது. ஜூன் 29-ல் உலகக் கோப்பை இறுதி, கடைசி ஓவரை வீசியவர் அதே ஹர்திக். ஜூலை 4, அதே வான்கடே, "ஹர்திக், ஹர்திக்" என்று முழங்கியது. மூன்று மாதத்தில் மும்பைக்காரர்களின் ரத்தம் மாறிவிட்டதா? நிர்வாகம் பேச வேண்டியதைப் பேசாமல் விட்டது, அந்தக் கோபத்துக்கு அகப்பட்டவர் மைதானத்தில் நின்ற ஆள். முடிவு எடுத்தவர்கள் கண்ணாடி அறைக்குள் இருந்தார்கள்.

வெளிநாட்டில் இரண்டு உதாரணம் மட்டும். அமெரிக்காவில் பிலடெல்பியா என்றால் முன்கோபக்கார ஊர் என்றுதான் பெயர். 1968-ல் மைதானத்துக்கு வந்த கிறிஸ்துமஸ் தாத்தா மேலேயே பனிக்கட்டியை உருட்டி எறிந்தவர்கள். அந்த ஊர் பேஸ்பால் அணி டிரே டர்னர் என்பவரை 11 வருஷத்துக்கு 30 கோடி டாலருக்கு எடுத்தது. 2023-ல் அவர் சொதப்பினார், தினமும் கூச்சல். ஆனால் அவர் சாக்கு சொல்லவில்லை, தன் ஆட்டம் சரியில்லை என்று தானே ஒத்துக்கொண்டார். ஆகஸ்ட் 4-ஆம் தேதி, அவர் மட்டையோடு வந்தபோது ஸ்டேடியமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் எதுவும் சாதிக்கும் முன்பே! அதற்குப் பிறகு அவர் ஆட்டம் எடுத்துக்கொண்டது. ஊரெங்கும் விளம்பரப் பலகை வைத்து ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். முன்கோபக்கார ஊரும் பொறுமையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. இன்னொன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி. பயிற்சியாளராகப் பெர்குசன் 1986-ல் வந்தார். 1989-ல் மூன்று வருஷம் சாக்குச் சொன்னது போதும், கிளம்புங்கள் என்று ரசிகர் ஒருவர் பதாகையே பிடித்தார். நிர்வாகம் விடவில்லை. 1990-ல் முதல் கோப்பை, 2013-ல் ஓய்வு பெறும்போது பதின்மூன்று லீக் பட்டம். அங்கே பொறுமையாக இருந்தது ரசிகர்கள் இல்லை, மேலே இருந்தவர்கள்.

நம் பக்கத்துப் பொறுமைக்கு நடராஜனைவிட நல்ல உதாரணம் இல்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி, தர்மபுரிக்குப் பக்கம்தான். டென்னிஸ் பந்தில் ஆடிய பையன். 2017-ல் பஞ்சாப் மூன்று கோடிக்கு எடுத்தது, சரியாக அமையவில்லை. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20, ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட், ஒரே பயணத்தில் மூன்றும். ஊர் அவரை ரதத்தில் வைத்து அழைத்துப் போனது. அதற்குப் பிறகு முழங்கால் அறுவை, இந்திய அணியில் நிலைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தர்கூட "அவ்வளவுதான் நடராஜன்" என்று பேசி நான் கேட்டதில்லை. 10.75 கோடி கொடுத்து எடுத்த டெல்லி அணி 2025-ல் அவரைப் பெரும்பாலான ஆட்டங்களில் வெளியே உட்கார வைத்தபோதுதான் கோபம் வந்தது. "அடி வாங்கட்டும் சார், வாங்கினா வாங்கட்டும். போட வேண்டாமா?" என்று என் மாணவன் ஒருவன் என்னிடமே சண்டைக்கு வந்தான். அவர் பந்து வீசி அடி வாங்கியிருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான்.

எங்கள் ஆட்களுக்கு இந்த மாதிரிப் பொறுமை பழக்கம்தான். மாமரம் வைத்திருக்கிற ஊர். ஒட்டுக்கன்று நட்டால் காய்ப்பைப் பார்க்க மூன்று நாலு வருஷம். காய்க்கிற மரமும் ஒரு வருஷம் கிளை ஒடியக் காய்த்துவிட்டு மறு வருஷம் சும்மா நிற்கும். அதற்காக யாரும் மரத்தை வெட்டுவதில்லை. கூழ் ஆலைக்கு விலை பேசும் நாளில் மட்டும் போய்ப் பாருங்கள், அதே விவசாயி மாங்காயை ரோட்டில் கொட்டுவார்.

தமிழ் தலைவாஸ் கபடி அணியும் 2017-லிருந்து பல வருஷம் அட்டவணையில் அடியில்தான் கிடந்தது. பெங்களூரு புல்ஸ் 2019 ஜனவரியில் கோப்பை வாங்கியபோது ஓசூர்ப் பையன்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். 2022-ல் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தோம், முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் போனது. அந்த வருஷம்தான் அரையிறுதிக்கே போனோம். பொறுத்தவர்களுக்குக் கிடைத்தது அது.

இணையத்தில் திட்டுகிற கூட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2021-ல் ஷமியை, 2022-ல் ஒரு கேட்ச் விட்டதற்காக அர்ஷ்தீப்பைத் திட்டித் தீர்த்தவர்களுக்கு எந்த ஊரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து "விடுப்பா" என்று தோளைத் தொட ஆளில்லாத இடம் அது.

கடைசியாகப் பெங்களூரு. இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2008-லிருந்து பதினேழு ஐபிஎல் சீசன் கோப்பை இல்லை, பதினெட்டாவதில்தான் கிடைத்தது. மூன்று முறை இறுதி வரை வந்து தோற்றது. 2017-ல் 49 ரன்னில் ஆல் அவுட். ஒவ்வொரு வருஷமும் "ஈ சல கப் நம்தே", இந்தத் தடவை கோப்பை நமக்குத்தான், என்றார்கள், மற்றவர்கள் கேலி செய்தார்கள், அடுத்த வருஷமும் ஸ்டேடியம் நிறைந்தது. இந்தியாவில் பொறுமையான ரசிகர் யார் என்று கேட்டால் நான் சென்னையைச் சொல்ல மாட்டேன், பெங்களூரைத்தான் சொல்வேன். ஜெயித்துக்கொண்டே இருக்கிற அணிக்குப் பொறுமையாக இருப்பது சுலபம். விராட் கோலி முதல் வருஷத்திலிருந்து ஒரே சட்டையில் இருந்தார், நம்மை விட்டுப் போக மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த உறுதி ஒன்றே அவர்களைப் பதினெட்டாவது சீசன் வரை உட்கார வைத்தது.

2025 ஜூன் 3, அகமதாபாத்தில் பஞ்சாபை ஆறு ரன்னில் ஜெயித்தார்கள். மறுநாள் சின்னசாமியில் விழா. முப்பத்தைந்தாயிரம் பேர் கொள்கிற இடத்துக்கு இரண்டு மூன்று லட்சம் பேர் வந்ததாக முதலமைச்சரே சொன்னார். ஊர்வலம் உண்டா, சீட்டு வேண்டுமா, எந்த வாசல், எத்தனை மணிக்கு, எதுவும் தெளிவாக இல்லை. வாசலில் நெரிந்து பதினொரு பேர் இறந்தார்கள். அவர்கள் பொறுமையில்லாமல் முண்டியடித்தார்கள் என்று சிலர் எழுதினார்கள். பதினெட்டாவது சீசன் வரை காத்திருந்தவர்களைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எப்படி மனசு வந்தது?

எங்கள் பள்ளி திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜூன் 4 காலையில் சீருடைக்கு உள்ளே சிவப்புச் சட்டை போட்டு வந்த பையன்களைக் கண்டும் காணாமல் விட்டேன். 5-ஆம் தேதி விளையாட்டு வேளையில் யாரும் பந்தை எடுக்கவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், அவன் மாமா பெங்களூரில் வேலை செய்கிறார், பத்திரமாக இருக்கிறார், என் பக்கத்தில் வந்து நின்று, "சார், எந்த கேட் திறக்கும்னு மைக்ல சொல்லியிருக்கலாம்ல சார்?" என்று கேட்டான்.

சொல்லியிருக்கலாம். இப்போது நான் நடுவராகப் போகிற ஊர்களில் விழாக் குழுவிடம் முதலில் கேட்பது கோப்பையைப் பற்றி இல்லை, மைக் இருக்கிறதா என்பதுதான். ஆட்டம் எத்தனை மணிக்கு, தாமதமானால் ஏன் தாமதம், வெளியே போக எந்த வழி, எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறேன். ஒவ்வொரு புள்ளிக்கும் களத்தில் எத்தனை பேர் என்று ஸ்கோர் எழுதுகிறவர் உரக்கப் படிப்பார். போனஸுக்குக் கையைத் தூக்கும் முன்னால் நான் தலையை எண்ணிக்கொள்கிறேன். கூட்டமும் என்னோடு சேர்ந்து எண்ணுகிறது.